கத்திக்குத்துத் தழும்பும் என் கல்லீரலும்

மார்ச் 4
நான் முன்பே சொன்னேன். வலது விலாவுக்குக் கீழே எவனோ கேட்காமல் குடியேறியிருக்கிறான் என்று போன வருடமே சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. இன்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவும் அதையேதான் சொல்கிறார்: கல்லீரலில் கட்டி, எலுமிச்சம்பழ அளவு. வீட்டில் தேங்காய் அளவு என்று சொல்லிவைத்தேன். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு வியாதியா?

மார்ச் 6
டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால்வாசி குடலிலிருந்து வரும் பெரிய சிரையில், மீதி தமனியில். ஆனால் கட்டி குடிப்பது தமனியில்தான். அந்த வழியை அடைத்தால் கட்டி பட்டினியில் சாகும், கல்லீரல் மற்ற வழியில் பிழைத்துக்கொள்ளும். நான் படித்தது எட்டாவது. ஆனாலும் அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன், லிஃப்டும் அப்படித்தான், ஒரு ரோப் போனாலும் மற்ற ரோப் தாங்கும் என்று. அசந்துபோனார்.

பிறகு வயிற்றில் இருக்கும் தழும்பைக் கேட்டார். ஸ்கேனில் பித்தப்பையையே காணோமாம். நான் வாய் திறப்பதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்த மூன்று பேரை நான் ஒற்றை ஆளாக மறித்தது, கத்திக்குத்து, ரத்தம், எல்லாம். அந்தக் கதையை அவள் சொன்னால் என்னைவிட நன்றாக இருக்கும். அதைக் கேட்டுத்தானே என்னைக் கட்டிக்கொண்டாள். "குத்து வாங்கினவரு, என்னை நடுவுல விட்டுட்டு ஓட மாட்டாருன்னு தோணுச்சு" என்று அதையும் சேர்த்துச் சொன்னாள்.

பித்தப்பையும் கத்தியில் போனதா என்றார் டாக்டரம்மா. ஆமாம், பை மட்டும்தான் போனது என்றேன். பித்தக் குழாயில் கை வைத்தார்களா என்றார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 11
முடிந்தது. தொடை வழியாகக் கம்பி போல ஒரு குழாயை விட்டு அடைத்தார்கள். விழித்தேதான் இருந்தேன். பாதி வழி நான்தான் காட்டினேன்.

மார்ச் 12
வாந்தி. வலி. காய்ச்சல் நூற்றொன்று. எதிர்பார்த்ததுதானாம், கட்டி சாகும்போது இப்படித்தான் இருக்குமாம். சாகிறவன் சும்மா சாவானா, நாலு பாத்திரத்தை உடைத்துவிட்டுத்தான் போவான். உடைக்கட்டும். பாத்திரம் என்னுடையது.

மார்ச் 15
வீட்டில். காய்ச்சல் இறங்கவில்லை. குளிர் நடுக்கம் வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மகள் தெர்மாமீட்டரும் கையுமாக அலைகிறாள்.

மார்ச் 18
கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். போக மாட்டேன் என்றேன். மறுபடி கேள்வி கேட்பார்கள்— கேட்டால் என்ன? ஏன் பயப்படுகிறேன்? "மூணு திருடனை மறிச்ச ஆளு, ஒரு டாக்டருக்குப் பயப்படறீங்களே மாமா" என்றாள் அக்கா மகள். அதற்குமேல் எப்படி உட்கார்ந்திருப்பது?

மார்ச் 20
விலாவில் டியூப். எழுத வரவில்லை. தோற்கவில்லை.

மார்ச் 27
காய்ச்சல் விட்டது. புது ஸ்கேனில் கட்டி செத்துக் கிடக்கிறது, கல்லீரல் பிழைத்துவிட்டது. என்னைப் பிடித்துக்கொண்டது கல்லீரலுக்குள் சேர்ந்த சீழ்.

நடுக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது. சீழ் ஏன் வந்தது என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கல்லீரலுக்கு இரண்டு வழி, பித்தக் குழாய்க்குத் தமனி ஒன்றுதான் என்றார். குழாயை முன்பே வெட்டிக் குடலோடு இணைத்திருந்தால் குடல் கிருமி அங்கே ஏறி உட்கார்ந்திருக்கும், தமனியை அடைத்ததும் அது வேலையைக் காட்டும், அப்படியானால் மருந்தே வேறு. "அந்த ஆபரேஷன்ல என்னதான் செஞ்சாங்க?" என்றார். மனைவி உடனே பஸ்ஸில் ஏறிவிட்டாள். சங்கிலி, மூன்று பேர். டாக்டரம்மாவின் பேனா எழுதத் தயாரானது.

"கல்லு" என்றேன். "பித்தக் குழாய்ல கல்லு. வெட்டிக் குடலோட இணைச்சாங்க. கத்தியெல்லாம் கிடையாது."

மனைவி வெளியே போனாள். மருந்தை மாற்றி ஊசி போட்டு முடித்த பிறகுதான் வந்தாள். ஒரு வாரம் டியூப் பையை அளந்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். இன்று காலையில்தான் கேட்டாள்: "முப்பத்தொரு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அந்த பஸ்ஸாவது உண்டா?"

"பஸ் உண்டு. திருடனுங்களும் உண்டு."

"நீங்க?"

சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஓடினவன் என்று இனி எவனும் என்னைச் சொல்ல முடியாது. ஆகவே இந்த நோட்டிலும் எழுதிவைக்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன்: மூன்று பேர் இருந்தார்கள், கத்தியும் இருந்தது. நான் கடைசி சீட்டுக்கு அடியில் இருந்தேன்.