காவல்காரன் வயிற்றுச் சாம்பல்

2002 ஜனவரி 8, செவ்வாய்

மனுஷன் வரவில்லை. மரமனுஷன் வந்திருக்கிறான்.

லீவில் வந்த எதிர்வீட்டு முஜிபுர் நானா கொண்டுவந்து கொடுத்தார். அவரும் என் வீட்டுக்காரர் பர்கத்துல்லாவும் ஒரே கம்பெனிக் கப்பல்களில் வேலை. நானாவுக்கு லீவு கிடைக்கிறது, இவருக்கு மட்டும் ஐந்து வருடமாகக் கிடைக்கவில்லை. சாண் உயரப் பொம்மை. ஜெர்மனியில் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வீடு வைப்பார்களாம், கையால் கடைந்து செய்வதாம். ஒரு கையில் விளக்கு, மறுகையில் ஊதுகொம்பு — இரவுக் காவல்காரன். இடுப்பில் இரண்டாகக் கழற்றி, உள்ளே தகட்டில் கூம்புச் சாம்பிராணியைக் கொளுத்தி மூடினால் வட்ட வாயால் புகை விடுவான். கூடவே துண்டுச் சீட்டு: "உனக்காகக் கடை கடையாய் ஏறி வாங்கினேன். மாவ்பிக்குப் போகாதே. அடுத்த வருஷம் வந்துவிடுவேன்."

யாங்கோனுக்கு வெளியே மாவ்பி சந்தையில் என் தம்பி கபீரின் துணிக்கடை இருக்கிறது. அவன் மலேசியா போகிறான். நான் எடுத்து நடத்துவதானால் இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். எத்தனை அடுத்த வருஷம்? எனக்கு எதற்குக் காவல்காரன்?

ஜனவரி 10, வியாழன்

வீட்டில் உருவப் பொம்மையே கூடாது என்று ஊருக்குச் சொல்கிறவர் மாமி. இதை மட்டும் தொழும்போது துணி போட்டு மூடிக்கொள்கிறார். "எம் மவன் அனுப்புனதும்மா."

வியாழக்கிழமைச் சாம்பிராணியை இன்று இதிலேயே போடச் சொன்னார். கழற்றினேன். உள்ளே சாம்பல். தகட்டில் அப்பிப்போயிருந்தது. மேல்பாதியின் உட்புறமெல்லாம் கரி, வாயைச் சுற்றிப் பழுப்பு. நகத்தால் சுரண்டியும் போகவில்லை.

"கடையில கொளுத்திக் காட்டியிருப்பாங்க" என்றார் மாமி.

ஒரு தடவை கொளுத்தினால் இவ்வளவா? எங்கள் சாம்பிராணிச் சட்டி இப்படிக் கறுக்க எத்தனை வருடமாயிற்று?

ஜனவரி 11

கப்பலில் சாம்பிராணி கொளுத்துவீர்களா என்று முஜிபுர் நானாவிடம் கேட்டேன். சிரித்தார். "கேபின்ல புகை வந்தா மணி அடிச்சிரும்மா. சிகரெட்டுக்கே மேல்தட்டுக்குப் போவணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். நானாவுக்கு என்னவோ தெரியும்.

ஜனவரி 12

கப்பலில் இல்லையென்றால் வீட்டில். யார் வீட்டில்?

ஜனவரி 20, ஞாயிறு

பக்கத்து வீட்டு பல்கீஸ் லாத்தாவின் தொலைபேசிக்குத்தான் வீட்டுக்காரர் எப்போதும் கூப்பிடுவது. இன்று நலம் விசாரிக்க விடவில்லை. "அது யாரு வீட்டுச் சாமான்?" என்றேன்.

கொட்டினான் — இனி அவர் இவர் என்று எழுதமாட்டேன் — நாலு வருடமாக ஹாம்பர்க்கில் ஒருத்தி வீடு. லீவெல்லாம் அங்கேதான் கழிகிறது. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நானா கிளம்பிய அவசரத்தில் கடைக்குப் போக நேரமில்லாமல், அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டானாம். அது அவள் வாப்பா காலத்துச் சாமான். அவள் தேடித் தேடி அழுகிறாளாம்.

"முஜிபு திரும்பும்போது குடுத்தனுப்பு ஸமீரா. உள்ள நல்லாத் துடைச்சு அனுப்பு."

இங்கே கொளுத்திய சுவடு அவளுக்குத் தெரியாமல் இருக்கத் துடைக்க வேண்டுமாம். பாவி. அவளிடம் திருடி எனக்கு, என்னிடம் வாங்கி அவளுக்கு. எங்க ரெண்டு பேரையும் என்னன்னு நெனச்சான் இவன்? இந்த ஆளுக்காகவா ஐந்து வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

ஜனவரி 24

மாமியிடம் சொல்லிவிட்டேன். "கடல்ல கெடக்குற ஆம்பள..." என்று இழுத்தார்.

"திருடிக் குடுத்த சாமானுக்குத் துணி போட்டு மூடிட்டுத் தொழுதீங்க மாமி" என்றேன்.

மாவ்பிக்கு வருகிறேன் என்று கபீருக்குச் சொல்லியனுப்பினேன். நீங்களும் வாருங்கள் என்று மாமியைக் கூப்பிடவில்லை. கூப்பிட மனம் வரவில்லை. பெற்றவர் அவர்தானே.

பிப்ரவரி 7, வியாழன்

நாளை முஜிபுர் நானா கிளம்புகிறார். பொம்மையைப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். கட்டுவதற்கு முன், மொகல் தெருவில் வாங்கும் எங்கள் சாம்பிராணிக் கூம்பு ஒன்றை உள்ளே வைத்துக் கொளுத்தினேன். புகை விட்டு முடித்தான். சாம்பலை அப்படியே விட்டேன். பர்கத்துல்லா திறந்து பார்க்கமாட்டான். இங்கே அனுப்பும்போதும் பார்க்கவில்லையே. அவள் பார்ப்பாள். தன் வீட்டு வாசனை எது, வேற்று வாசனை எது என்று அவளுக்குத் தெரியாதா?

மாமி பின்னால் நின்றிருந்தார். "துடைக்கச் சொன்னானாமே?"

"துடைக்கமாட்டேன் மாமி."

உள்ளே போனார். சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். இன்னொரு கூம்பை எடுத்து வந்து, என் கையிலிருந்து பொம்மையை வாங்கி, தானே வைத்துக் கொளுத்தினார்.

மார்ச் 31, ஞாயிறு. மாவ்பி

திங்யான் தண்ணீர்த் திருவிழா நெருங்கிவிட்டது, கடையில் நிற்க இடமில்லை. லுங்கிகளை மாமிதான் மடித்து அடுக்குகிறார். பர்மியில் விலையும் பேசுகிறார், என்னைவிடக் கறாராக.

மத்தியானம் பல்கீஸ் லாத்தா யாங்கோனிலிருந்து வந்தார். அவன் ஓயாமல் கூப்பிடுகிறானாம். இப்போது அவள் வீட்டில் இல்லையாம், மாலுமிகள் விடுதியில் இருக்கிறானாம்.

"என்ன வேணுமாம் அவனுக்கு?" என்றார் மாமி.

"பொம்மையை யாரு துடைக்காம அனுப்புனதுன்னு கேக்குறான்."

மாமி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நாங்க ரெண்டு பேருந்தான்னு சொல்லு."