நாலு இருபது பஸ்

வியாழக்கிழமை, காலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. மீதியைக் கோபத்தோடு எழுதப்போகிறேன், அதனால் உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய்.

பல் டாக்டர் உனக்கு போன் செய்தது எனக்குத் தெரியும். நடைக் குழுவின் செயலாளர் என்றால் உறுப்பினரின் மகளைக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? விதிகளை எழுதியவள் நான். அப்படி ஒன்று இல்லை. கான்வென்ட்டில் படித்த பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட என் வீட்டுக்குப் புகார் போனதில்லை. எழுபத்தாறு வயதில் போயிருக்கிறது.

நீயாவது என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "போதும்மா, இந்த வயசுல காடு மேடெல்லாம் எதுக்கு? பேசாம இங்க வந்துடு" என்று மூன்று வரி அனுப்பிவிட்டாய். இதைக் காடு மேடு என்று சொல்லாதே. பதினாறு வருடமாக, மாதம் ஒரு ஞாயிறு, பத்துப் பேரை பஸ்ஸில் ஏற்றி, ஒரு பள்ளத்தாக்கில் இறக்கி, இன்னொரு பள்ளத்தாக்கில் பஸ் ஏற்றி வீடு சேர்க்கிறேன். கார் வைத்திருப்பவர்களால் அது முடியாது. எங்கே காரை நிறுத்தினார்களோ அங்கேயே திரும்பி வர வேண்டும், முளையில் கட்டிய மாடு மாதிரி. அதனால்தான் டாக்டர் இப்போது வேன் பிடிக்கலாம் என்று சொல்லும்போது எனக்கு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நானே சொல்கிறேன். அணைக்கட்டு நிறுத்தத்தில் இறங்கி, கால்வாய்க் கரை வழியாக ஏறி, மலை முகட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பக்கம் கல் குவாரிச் சாலைக்கு இறங்கும் வழி. திரும்பும் பஸ்ஸை முதலில் பார்த்துவிட்டுத்தான் நான் வழி போடுவேன் என்பது உனக்குத் தெரியும். குவாரிச் சாலையில் ஞாயிறு கடைசி பஸ் ஐந்து முப்பதாக இருந்தது. போக்குவரத்து அலுவலகத்துக்காரர்கள் அதை இந்த மாதம் எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. இனி கடைசி பஸ் நாலு இருபது. ஆகவே இறங்கும் வழியில் இருந்த அரை மணி நேர டீ ஓய்வை வெட்டினேன். முகட்டிலிருந்து இரண்டரைக்குப் புறப்பட்டால், ஒன்றரை மணி நேர நடை, நாலு மணிக்குச் சாலை. என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பாதி வழியில் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் பின்தங்கியிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பத்துப் பேரும் பூப்பறிக்க வந்தவர்கள் மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். "என்ன ஊர்வலமா போறீங்க? கொஞ்சம் எட்டிப் போடுங்க" என்று சத்தம் போட்டேன். "சரிங்க மேடம்" என்றார் டாக்டர். எப்போதும் குதித்துக்கொண்டு நடக்கும் பேங்க்காரர் என் முதுகுக்குப் பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரும் என்னைத் தாண்டவில்லை. வழிகாட்டுபவரைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது என்பது மூன்றாவது விதி. கடைசி வளைவில் நின்றபோது பஸ் கீழே எங்களைக் கடந்து போனது. கோழித் தீவனம் ஏற்றிய லாரி ஒன்று வந்ததால் வீடு வந்தோம். மூட்டைகளின்மேல் பதினோரு பேர். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கள்கிழமை ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கத் தையல்காரம்மாவிடம் போனேன். அவளும் குழுவில் இருக்கிறாள். ஏன் எல்லோரும் அப்படி அன்ன நடை நடந்தீர்கள் என்று கேட்டேன். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் ஊசிகளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "நாங்க மெதுவா நடக்கல மேடம். நீங்க மெதுவா நடந்தீங்க. ரெண்டு வருஷமாவே அப்படித்தான். உங்க மனசு நோகும்னு சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள்.

இரண்டு வருடம். டீ வேண்டாம் மேடம், வயிறு நிறைந்திருக்கிறது மேடம், நேராகப் போய்விடலாம் மேடம் என்று ஒவ்வொரு ஓய்வையும் இவர்கள் கைவிட்டது எதற்காக என்று இப்போது புரிகிறதா? என் தாமதத்தை அதில் ஈடுகட்டியிருக்கிறார்கள். நானோ இவர்களுக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று டீ ஓய்வை நானே வெட்டிவிட்டதால் அவர்களுக்கு ஈடுகட்ட எதுவும் மிஞ்சவில்லை.

இதற்குப் பெயர் மரியாதையாம். தவறான அளவை வைத்துக்கொண்டு ஒருத்தி வரைபடம் போடுகிறாள், சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் அது தெரிகிறது, வாயைத் திறக்கவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைந்தவள் நான். அங்கே யாராவது இப்படிச் செய்திருந்தால் வேலை போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போனேன். கத்தாதே. பகல் பஸ்ஸில், திரும்பி வர வார நாள் பஸ் மாலை ஆறுக்கு இருக்கிறதா என்று இரண்டு முறை விசாரித்துவிட்டுத்தான் போனேன். முகட்டிலிருந்து சாலைக்குக் கடிகாரம் வைத்து நடந்தேன். எங்கும் உட்காரவில்லை. இரண்டு மணி எட்டு நிமிடம். நோட்டில் ஒன்றரையை அடித்துவிட்டு இரண்டு பத்து என்று எழுதினேன். மற்ற இருபத்து மூன்று வழிகளையும் இப்படியே திருத்த வேண்டும். மழைக்கு முன் முடித்துவிடுவேன்.

நேற்று டாக்டர் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார், நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி. "இனிமே நீங்க கௌரவ ஆலோசகர், மேடம். வீட்ல உக்காந்தே எங்களுக்கு வழி சொல்லுங்க, நாங்க வேன்ல போயிட்டு வர்றோம்" என்றார். "நீங்க வாயைத் தொறந்து பாக்காம போன்லயே பல்லு புடுங்குவீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை கூட்டத்தில் வாக்கெடுப்பாம். நான் சொல்லப்போவதை இன்றே எழுதிவைத்துவிட்டேன். வழி போடுவது நான். குறிப்பை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பது பேங்க்காரர். மூன்றாவது விதியை நானே நீக்குகிறேன். நான் கடைசியில் நடப்பேன், குழுவின் நேரம் என் நேரம்தான். அதற்குத் தகுந்தபடி பஸ்ஸை நான் பார்த்துக்கொள்வேன். இது அவர்களுக்குச் சரிப்படாவிட்டால் வேனில் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கட்டும். நான் தனியாக பஸ்ஸில் போவேன். தோற்கலாம். ஆறு பேர் வேன் பக்கம் என்று தையல்காரம்மா சொல்கிறாள்.

இனி உன் விஷயம். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் அப்பாவுக்கு என்ன நோய் என்று, அவர் போவதற்கு நான்கு மாதம் முன்பே உனக்குத் தெரியும். அம்மா தாங்கமாட்டாள் என்று நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்கள். அந்த நான்கு மாதமும் அவர் என்னோடு நடக்க வந்தார். ஏரிக்கரையில் பின்தங்கி வந்தவரை, எட்டிப் போடுங்கள், பஸ் போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் நான் விரட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். தெரிந்திருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு வழி போட்டிருப்பேன். எனக்கு அது கஷ்டமே இல்லை.

ஆகவே உன்னிடம் கேட்டுக்கொள்வது இதுதான். என்னைப் பற்றி எது தெரிந்தாலும் எனக்குச் சொல், டாக்டருக்கு அல்ல. நான் கோபப்படுவேன், இரண்டு நாள் பேசாமல் இருப்பேன். மூன்றாம் நாள் நோட்டை எடுத்து நேரத்தைத் திருத்திக்கொள்வேன். உன்னைப் பற்றியும் எதையும் மறைக்காதே. போன வாரம் உன் குரல் சரியாக இல்லை. மாப்பிள்ளை ஒன்றுமில்லை என்றார். எனக்கு அந்த ஒன்றுமில்லை போதாது.

நல்ல தூக்கமும் பசியும் குறையாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். உடனே எழுது.

ஆசிகளுடன்,
அம்மா