இரண்டு பொத்தான்கள்

அன்புள்ள வினிதாவுக்கு,

ஷார்ஜாவில் நான் நலம். நீயும் நம் பாப்பா அஞ்சலியும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கே பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்களையும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இயங்கும். ஒரு வாரமாக என் இடது கை சற்றுத் தாமதமாகவே வருகிறது; மெஷின் அசைவதில்லை.

“இன்னா மச்சான், பம்பை அடிச்ச கையா இது?” என்று குன்றத்தூர் கேசவன் சிரித்தான். நானும் சிரித்தேன். டாக்டரிடம் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீ முன்புபோலத் தாளம் தட்டிப் போனில் அனுப்பு, இரண்டு கையும் சேர்ந்து விழப் பழகிப் பார்க்கிறேன். ஆடிக்கு நம் கோவிலம்பாக்கம் கோயிலில் பம்பை அடிக்க எனக்குப் பதிலாகத் தம்பி தீனாவையே கூப்பிடச் சொல்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எழுத்து கோணியிருந்தால் பயப்படாதே. தாளைப் பிடிக்க இடது கை வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை அதன்மேல் பாரமாக வைத்து எழுதுகிறேன்.

சக்தி