நேற்றைய காற்று

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். இப்போதுதான் தோளைவிட்டு இறங்கித் தூங்குகிறாள். பகலில் எழுதலாம் என்று நான்கு நாளாக உட்காருகிறேன். உன் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

ஆமாம், உன் பெயர் என் திரையில் இருக்கிறது. நம் கடல் செயலியில் ஒரு திருத்தம் செய்து ஏற்றிவைத்திருக்கிறேன். அதன் கீழே ஒரு மஞ்சள் புள்ளி. உன் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறது. பக்கத்தில் உன் சின்னப் படம், பிச்சாவரம் படகில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பார்க்காமல் வெளியே விடக்கூடாது என்ற விதியைப் போட்டவள் நீதான். நீ இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. அதை இந்த இயந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் படிப்பை முடித்துவிட்டு நாம் இருவரும் வேலை தேடிக்கொண்டிருந்த வருஷம் நினைவிருக்கிறதா? உன் அப்பாவுக்குப் பழக்கமான கலியபெருமாள் மாமா, பரங்கிப்பேட்டைப் பக்கம் படகு வைத்திருப்பவர், முதுநகரில் உன் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார். வானிலை அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நீ படித்துச் சொன்னாய். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள், "தெனம் நான் படிச்சிக்கிட்டு இருக்க முடியுமா மாமா, இதையே படிக்க வெச்சிடுறேன்" என்றாய். அப்படித்தான் தொடங்கியது. அரசு வெளியிடும் அறிக்கையை எடுத்து, போகலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு, கீழே இரண்டு வரி தமிழ்.

சம்பளத்துக்குப் பாண்டிச்சேரிக் கம்பெனி ஒன்றுக்குக் கடை பில் போடும் மென்பொருள் எழுதினாய். மிச்ச நேரமெல்லாம் இதற்கு. எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்தாய். எந்தெந்தக் கடற்கரையிலிருந்தோ முகம் தெரியாதவர்கள் எடுத்துத் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். சந்தேகம் கேட்ட ஒவ்வொருவருக்கும் தமிழில், பொறுமையாக, பதில் எழுதினாய். என்னிடம் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

நம் வழக்கம் ஒன்று இருந்ததே, வேறு எங்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நிரலை நான் போனில் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். முதல் தடவையே மாட்டிக்கொண்டேன். எச்சரிக்கை வந்தால் சிவப்பு காட்டு, இல்லையென்றால் பச்சை காட்டு என்று படித்தேன்.

"ஏண்டி, சேதியே வரலன்னா?"

பச்சைதான் காட்டும் என்றேன்.

"ஒண்ணுமே தெரியாதப்போ போயிட்டு வான்னு சொல்லுவியா? ஒன் வூட்டு ஆளுன்னா சொல்லுவியா?"

கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் மாற்றினேன். சேதி வராவிட்டால் சாம்பல் நிறம்: "தெரியவில்லை, கேட்டுவிட்டுப் போங்கள்."

போன மாதம் அந்தச் சாம்பல் நிறத்தை நானே எடுத்துவிட்டேன். அறிக்கை அடிக்கடி தாமதமாகிறது, திரை வெறுமையாக இருக்கிறது என்று பலர் குறைப்பட்டார்கள். கடைசியாக வந்த அறிக்கையையே காட்டலாமே என்று தோன்றியது. சின்ன போனில் இடம் போதவில்லை என்று தேதி வரியையும் தூக்கினேன். பாப்பா மடியில் அழுதுகொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லையே, உனக்கு அதிகாரம் இருக்கிறது, விதியை மீறிப் போகலாமா என்று திரை கேட்டது. போ என்று அழுத்தினேன். வாய்விட்டுப் படிக்கவில்லை. யாரிடம் படிப்பது?

நான்கு நாளைக்கு முன், காலையில் கலியபெருமாள் மாமா போன் செய்தார். சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"பாப்பா நல்லாருக்கா? ஒண்ணுமில்லம்மா, நம்ம செயலி நேத்து காத்த இன்னிக்குச் சொல்லுது. பச்சைய பாத்துட்டு ரெண்டு படகு போயிட்டு, அலை தூக்குதுன்னு பாதியிலயே திரும்பிட்டாங்க."

எல்லாரும் கரை சேர்ந்துவிட்டார்களா என்று மூன்று முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு படகில் அவர் மருமகன் இருந்தானாம். அதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். உடனே செயலியை நிறுத்தி, இப்போதைக்கு இதை நம்ப வேண்டாம் என்று எழுதிவைத்தேன். அன்றிலிருந்து எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாம்பல் நிறமும் தேதியும் திரும்ப வந்துவிட்டன, திருத்தம் தயார். அந்த மீறிப்போகும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. அதன் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று அன்றைக்கும் நினைத்தேன் இல்லையா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். நாளைக்கும் நான்தானே பார்க்க வேண்டும்.

முதுநகர் டியூஷன் சென்டர் மாடியில் நீ நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து பர்வீன் வருவாளே, செயலியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவள். நீ போன பிறகு மூன்று முறை எழுதினாள், நான் ஏதாவது செய்யட்டுமா அக்கா என்று. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஒப்புதல் தருபவளாக அவளைச் சேர்த்தால் உன் பெயரை எடுக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான். வேறு காரணம் இல்லை. இரண்டு படகு திரும்பி வந்த பிறகுதான் இதை ஒப்புக்கொள்ள முடிகிறது.

இப்போது உன் பெயரை எடுத்துப் பர்வீனைச் சேர்த்துவிட்டேன். படம் போய்விட்டது. உன் கேள்வி மட்டும் போகவில்லை. பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போதுகூட, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்கிறேனா என்று அது உள்ளே கேட்கிறது. கேட்கட்டும்.

உனக்கு அனுப்புகிற எதையும் நான் எப்படி முடிப்பேன் என்று உனக்குத் தெரியும். அதே வரியில்தான் பர்வீனுக்கும் முடித்திருக்கிறேன்: "இவ்வளவு நாள் பதில் போடாததற்கு மன்னித்துவிடு பர்வீன். திருத்தத்தை அனுப்பியிருக்கிறேன். எனக்குப் போன் பண்ணு, வாய்விட்டுப் படிக்கிறேன், நீ கேள். படகுகள் காத்திருக்கின்றன. சீக்கிரம் பதில் போடு."