மாதேஷ் கதையாம்

மே 5, திங்கள்
காலை ஷிஃப்ட். வானம் மூடாக்கு, மழை இல்லை. கேன்டீனில் சாம்பார் அடிப்பிடித்தது. என் புத்தி அடுப்பில் இல்லை. எல்லாம் அந்தப் படத்தால். ஓசூர் ரவுடி ஒருவன் கதையாம். ஆலைகளில் கழிவு இரும்பு எடுக்கும் குத்தகைக்காக வெட்டிக்கொண்டு செத்தவனாம். பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களாம். கூட வேலை பார்க்கும் ரத்னம்மாவுக்குச் சிரிப்பு வேறு.

"அது உங்க வீட்டுக்காரரு கதைதான்னு ஊரே பேசுதுக்கா. ஆனா படத்துல பொண்டாட்டி பாதியிலயே செத்துர்றா. அப்ப நீங்க யாரு?"

செத்தவள்தான் தினமும் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கிறேன்.

மே 7, புதன்
தூக்கமில்லை. நித்யா கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே வாரம். காவேரிப்பட்டினத்துச் சம்பந்தியிடம், அவள் அப்பா மாதேஷ் லாரி விபத்தில் போனதாகத்தான் சொல்லியிருக்கிறோம். இந்தப் பாழாய்ப்போன படத்தால் சம்பந்தம் முறிந்தால்? என் பெண் தலை நிமிர முடியுமா? உயிரோடு இருந்தபோதும் ஒருநாள் நிம்மதி தந்ததில்லை. செத்தும் விடமாட்டேன் என்கிறார் அந்த மனுஷன்.

வாங்க வேண்டியது: விரலி மஞ்சள், தாம்பூலப் பை, நித்யா பிளவுஸுக்கு லைனிங்.

மே 9, வெள்ளி
மாலையில் ஆலங்கட்டி மழை. கரண்ட் போச்சு. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி போன். படம் பார்த்துவிட்டார்களாம், கிருஷ்ணகிரியில், குடும்பத்தோடு. அது யார் கதை என்றும் யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"ஏம்மா, எங்ககிட்டயே மறைச்சிட்டீங்களே" என்றார். முடிந்தது என்று சுவரில் சாய்ந்தேன். "எவ்ளோ பெரிய மனுஷன் ஊட்ல பொண்ணு எடுக்கறோம்னு தெரியாமப் போச்சேம்மா!"

மாப்பிள்ளை இரண்டு தடவை பார்த்தாராம். கல்யாண ஃபிளெக்ஸில் போட மாதேஷ் போட்டோ வேண்டுமாம். அரிவாளோடு இருந்தால் இன்னும் நல்லதாம்.

பெரிய மனுஷனாம். ஜாமீன் எடுக்க என் தாலிக்கொடியை விற்க வைத்த பெரிய மனுஷன். முறியும் என்று பயந்ததே தேவலாம் போலிருக்கிறது. போட்டோ இல்லை என்றேன். பொய்யில்லை. கேஸுக்காகப் போலீஸ் எடுத்துப் போன எங்கள் கல்யாண ஆல்பம் திரும்ப வரவேயில்லை.

மே 28, புதன்
காவேரிப்பட்டினம், மண்டபம். விடிந்தால் முகூர்த்தம். வேனை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது ஃபிளெக்ஸ். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். மேல் மூலையில் 'தெய்வத்திரு மாதேஷ் அவர்களின் ஆசியுடன்'. முகம்? அந்தப் படத்து நடிகனுடையது. கூலிங்கிளாஸ், தோளில் வீச்சரிவாள். போட்டோ இல்லையென்றால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. என் பெண்ணுக்கு எவனோ ஒருத்தன் அப்பனா? கிழித்துப் போடக் கை பரபரத்தது. சம்பந்தியைத் தேடிக் கிளம்பினேன்.

நித்யா நகரவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவர் போனபோது இவள் கைக்குழந்தை.

"அம்மா, அப்பா நெஜமாவே இப்படித்தான் இருப்பாரா?"

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சண்டைக்குக் கிளம்பியவள் திரும்பி அவள் பக்கத்தில் வந்து நின்றேன்.

"இல்ல கண்ணு. குள்ளம். மூக்கு மட்டும் அப்படியே உன் மூக்கு."

மேக்கப் போட வந்த பெண் காத்திருக்கிறாள். இவள் கண்ணாடி முன்னால் நின்று மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். நேரமாகிறது, முகம் கழுவு என்றேன். காதில் வாங்கவில்லை.