சித்தப்பா கேட்ட வெள்ளைக் கார்

மார்ச் 3, ஞாயிறு

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸர் சீக்கிரம் சூடாகிவிடுகிறது, நிறுத்தி நிறுத்தித்தான் வேலை. பக்கத்து லாட்ஜின் சாக்கடை மறுபடியும் பொங்கி, மாடிவரை நாற்றம். திருச்சானூர் முழுக்க லாட்ஜ், எல்லா லாட்ஜுக்கும் ஒரே சாக்கடை. தின்னர் வாசனை எவ்வளவோ தேவலை.

மேஜைமேல் நான் செய்துகொண்டிருக்கும் விண்கல மாடலின் வால் பகுதிக்கு இன்று கரி நிறம் ஏற்றுவதாக இருந்தேன். கடையில் விற்கும் எந்தப் பெட்டியிலும் வந்ததல்ல, என் சொந்தக் கலம். பேஸ்ட் மூடி, சிரிஞ்சு, நான் வேலை செய்யும் பல் லேபில் தூக்கிப் போட்ட துண்டு துணுக்கு. நெருப்பு கக்கிக் கக்கிக் கறுத்த மாதிரி வரவேண்டும்.

நடக்கவில்லை. சித்தூரிலிருந்து சித்தப்பா வந்துவிட்டார். ஒரு ஃபோன்கூடப் பண்ணாமல். கையில் ஒரு பெட்டி. துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற 1/24 அளவு பிளாஸ்டிக் கார் கிட். அவர் பையன் கிஷோர் ஓட்டிக்கொண்டிருந்தானே, அதே வண்டி.

"ஆஸ்திரேலியா போயும் அவன் அந்த வண்டியவே நெனச்சிக்கினு கீறான்மா. பொறந்த நாளுக்கு அனுப்பணும். தெரிஞ்சவரு ஒருத்தரு அடுத்த வாரம் ஃபிளைட் ஏறாரு. வெள்ளையா, ஷோரூம்லேர்ந்து எடுத்தாந்த மாதிரி இருக்கணும். ஒரு கீறல் கூடாது."

என் நைனா செத்தபிறகு என்னைப் பல் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தவர் இவர். எப்படி மாட்டேன் என்பது? புத்தம் புதுசாகத் தெரியும் கார் எனக்குப் பிடிக்காது. சேறும் துருவும் இல்லாவிட்டால் எங்கேயும் போகாத வண்டிபோல இருக்கும். சொன்னேன். சித்தப்பா காதில் வாங்கவில்லை.

வீட்டுக்காரர் சேகர் சொன்னது: "பொம்மதானே, செஞ்சி குடேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷம். இன்னும் பொம்மை.

மார்ச் 5, செவ்வாய்

லேபில் இன்று ஒரு பல் அச்சு வந்தது. இடுக்கில் கீரை. கழுவாமலே அனுப்பிவிட்டார் டாக்டர். குமட்டல். மதியச் சாப்பாடு தொடவில்லை.

சாயங்காலம் கார். துண்டுகளை வெட்டி, இணைப்புக் கோடுகளைப் புட்டி வைத்து அடைத்து, வாட்டர் பேப்பரில் தேய்த்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர். நன்றாகத்தான் உட்கார்ந்தது. வெள்ளைதான் பயம். நிறத்திலேயே மோசமான நிறம் வெள்ளை. ஒரு முடி விழுந்தாலும் கதறும்.

ஈரத்துணியால் அறையைத் துடைத்தேன். ஜன்னலை மூடினேன். வெள்ளையில் முதல் கோட் அடித்து முடிப்பதற்குள், ஃபேன் இல்லாமல், வியர்வை முதுகில் ஆறாக.

வாங்க வேண்டியது: மாஸ்கிங் டேப், துவரம்பருப்பு, சேகர் ஷூவுக்கு லேஸ்.

மார்ச் 6, புதன்

இரண்டாவது கோட். ஐயோ, என்ன வெள்ளை! பால் ஊற்றிய மாதிரி வழுவழுவென்று. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று எனக்கு வந்ததே இல்லை. மூடி போட்டு வைத்துவிட்டு, திறந்து திறந்து பார்த்தேன். சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றார்.

மார்ச் 7, வியாழன்

சித்தப்பாவின் டிரைவர் முனுசாமி அண்ணன் வந்தார். ஸ்டிக்கர், சீட் கவர், நம்பர் பிளேட் எல்லாம் சரியாக வரவேண்டுமாம். வாசலில் நின்றபடியே தன் ஃபோனிலிருந்து அந்த வண்டியின் பழைய படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினார். பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு படத்தில் பம்பர் தொங்குகிறது. பானெட் மடிந்து எழும்பி நிற்கிறது. முன் கண்ணாடி முழுக்க விரிசல். சுற்றிலும் முள்செடி.

"அது தப்பா வந்துருச்சி பாப்பா. அழிச்சிடு."

"எப்போண்ணா ஆச்சு இது?"

"போன வருசம். பாலசமுத்திரம் ரோட்ல. சைக்கிள்ல பால் கேன் மாட்டிக்கினு ஒரு ஆளு. ஏழுமலைன்னு பேரு. அங்கயே போய்ட்டாரு."

"நீங்களா ஓட்டினீங்க?"

சிரித்தார். "கேஸ்ல நான்தான்."

"நெசமா யாரு?"

"சின்னவருதான். நான் வண்டியிலயே இல்ல. ஊட்ல சோறு துன்னுக்கினு இருந்தேன். அய்யா ஃபோன் பண்ணாரு, போனேன். நான்தான் ஓட்னேன்னு சொன்னேன். சின்னவர அந்த மாசமே ஃபிளைட் ஏத்திட்டாங்க."

உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க பாப்பா. அய்யாதான் பாத்துக்கறாரு." தண்ணீர் கேட்டார். குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, "வொயிட்டு பாகா, நல்லா வந்துக்கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிஷோர் மேல்படிப்புக்குப் போகிறான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

மார்ச் 8, வெள்ளி

சேகரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நாயுடுபேட்டை பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

இன்னொரு அசிங்கமும் எழுத வேண்டும். சாயங்காலம் வந்ததும் என் கை தானாக டேப்பை எடுத்தது. ஜன்னல் ஓரங்களை மறைத்துக் கறுப்புக் கோடு அடித்தேன். சுத்தமாக வந்தது. சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடி கழுவினேன்.

மார்ச் 9, சனி

லீவு. கிஷோரே வீடியோவில் கூப்பிட்டான். முடி வளர்த்திருக்கிறான். பின்னால் யாரோ சமைக்கிறார்கள்.

"அக்கா, நைனா சொன்னாரு. காட்டு காட்டு!"

காட்டினேன்.

"செம்மக்கா! பின் கண்ணாடி ஸ்டிக்கர் மட்டும் மறந்துடாத."

"கிஷோரு, ஏழுமலைன்னா யாருன்னு தெரியுமா?"

"யாருக்கா அது?"

நடிப்பில்லை. நிஜமாகவே யோசித்தான். பெயர்கூடத் தெரியாது அவனுக்கு.

"பாலசமுத்திரம் ரோடு. பால் கேன்."

ஃபோன் ஆடியது. கொஞ்ச நேரம் கூரைதான் தெரிந்தது. பிறகு மெதுவாக, "அதெல்லாம் நைனா பாத்துக்கினாருக்கா. அயிப்போயிந்தி, முடிஞ்சிபோச்சி. இப்ப இன்னாத்துக்கு அது?" என்றான்.

காரைக் கேமரா முன்னாலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

"நம்பர் பிளேட்டு ஒரிஜினல் நம்பரே போடுக்கா, ப்ளீஸ்."

கட் பண்ணினேன். மெக்கானிக் கடைக்குப் போய் பிரேக் ஆயில் வாங்கி வந்தேன். டப்பாவில் ஊற்றி, கார் உடம்பை முழுசாக அமுக்கி மூடினேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் பார்த்தால் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து மிதக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மேல் கோட், அடிக் கோட், பிரைமர், எல்லாம் போய் வெறும் பிளாஸ்டிக். அந்த வெள்ளை இனி வராது எனக்கு. கழுவி, காயவைத்து, எல்லாத் துண்டையும் பெட்டியில் போட்டேன்.

பதினொரு மணிக்குச் சித்தப்பா, கையில் ஸ்வீட். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இன்னாமா, இன்னும் பெயிண்டே அடிக்கல?"

"அடிச்சேன். உரிச்சிட்டேன். இது கிஷோரு ஆள் மேல ஏத்துன வண்டி சித்தப்பா. நான் செய்யமாட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சேகரைப் பார்த்தார். சேகர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனுசாமிக்கு வாயி நீளம்," என்றார். பிறகு, "உன்ன படிக்க வெச்சது யாரு?"

"நீங்கதான். அத மறக்கல."

"மறக்காதவ பேசற பேச்சா இது? போனவன் திரும்பி வருவானா? எம் பையன் அங்க தனியா கெடந்து அழுவுறான். அது தெரியுமா உனக்கு?"

கண் கலங்கியிருந்தது அவருக்கு. நிஜமாகவே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏழுமலை வீட்டில் அழுதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

"மெட்ராஸ்ல இத செய்யறவன் ஆயிரம் பேரு," என்று பெட்டியை இடுக்கிக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் மேஜையில் இருந்த விண்கலத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு இவ்ளோ அழுக்கா கீது?" வைத்துவிட்டுப் போனார். ஸ்வீட்டையும் எடுத்துக்கொண்டு.

சேகர்: "இவ்ளோ தூரம் பேசியிருக்க வேணாம் நீ."

மார்ச் 12, செவ்வாய்

வானம் மூடி, புழுக்கம். லேபில் மூன்று பல் செட். ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆள் வெளியே துப்பினது காற்றில் என் துப்பட்டாவில். வந்ததும் அதை அலசிக்கொண்டிருந்தபோது அம்மாவின் ஃபோன். தம்பி வீட்டிலிருந்து.

"வேலக்கி கை வரல, அதான் காரக் கெடுத்துட்டான்னு உன் சித்தப்பா சொல்லிக்கினு கீறாருடி. மன்னிப்பு கேட்டுடு."

முழுக்கச் சொன்னேன். ரோடு, சைக்கிள், ஏழுமலை, முனுசாமி அண்ணன், ஃபிளைட். அழுகை வந்துவிட்டது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தெரியும்டி," என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கேதான். எல்லாருக்கும் தெரியும். நீ தாங்கமாட்டேன்னு உனக்குத்தான் சொல்லல. மாப்பிள்ளையாண்டகூட அப்பவே சொல்லிட்டோமே."

வைத்துவிட்டேன்.

சேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். எதை என்று அவர் கேட்கவில்லை. மோர் ஊற்றிப் பிசைந்தார்.

"உங்க வூட்டு விசயம், நான் இன்னா பேசறது?" என்றார். அப்புறம் ஊறுகாய் கேட்டார்.