கண் நிற்காத மயில்

இன்று காலை சிவப்பு மைப் புட்டியைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. போன ஆடிக் கிருத்திகைக்கு இருந்தாய், இந்த ஆடிக்கு நீ இல்லை. எதிரே அம்மையார்குப்பத்து ஜவுளி வியாபாரி உட்கார்ந்திருந்தார். நான் வரைந்த சேலைக் கரையைப் பார்த்து, "ரொம்ப ஷோக்கா கீதுங்க" என்றார். கூலியில் கை வைக்கப் போகிறார் என்று உடனே தோன்றியது. யாராவது நன்றாயிருக்கிறது என்றாலே எனக்கு இப்படித்தான். இந்த வியாதி எங்கே பிடித்தது என்று உனக்குத்தான் தெரியும்.

திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீட்டில் நடந்த நெசவு டிசைன் வகுப்பில்தான். யுத்த காலம். கட்டம் போட்ட தாள் கிடைப்பதே பெரும்பாடு. ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு மை நிரப்பி, கொடியோ மயிலோ வரவழைக்க வேண்டும். எல்லார் படமும் ஒரே மாதிரிக் கட்டங்கள்தான், யார் கை என்று கண்டுபிடிக்கவே முடியாது. மூலையில் பெயர் எழுதி ஆணியில் மாட்டுவோம். மாஸ்டர் தூரப்போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிடித்தால், "கண்ணு நிக்குது" என்பார். இல்லாவிட்டால், "கண்ணு நிக்கல." அவ்வளவுதான் பாடம்.

என் படத்தில் ஒரு தடவைகூட அவர் கண் நிற்கவில்லை. "எங்க தப்புங்க சார்?" என்று கேட்டால், "அதெல்லாம் சொல்லி வராது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லி வராதென்றால் எதற்கு வகுப்பு? நான் ஒன்று கவனித்திருந்தேன். அவர் கண் முதலில் போவது படத்துக்கு அல்ல, மூலையிலிருக்கும் பெயருக்கு. நீ பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நான் ஏர் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. உன் படத்தில் மட்டும் கண் ஆணியடித்தாற்போல் நிற்கும்.

கடைசிப் படம் வந்தது. அதில் தேறுகிற ஒருவனுக்குப் பட்டணத்து மில்லில் டிசைன் வேலை என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் நைனாவோ, "இந்த வாட்டியும் இல்லன்னா பேசாம கழனிக்கு வந்துடு" என்று முடித்துவிட்டார். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நீதான் சொன்னாய்: "பேரை மாத்திப் போட்டுப் பாக்கலாமா பாவா?"

உறவே இல்லாத என்னை மச்சான் முறை வைத்துப் பாவா என்று கூப்பிடுவது உனக்கு ஒரு வேடிக்கை. எனக்கு அன்று வேடிக்கையாக இல்லை. உன் பெயரில் என் மயில் ஜெயித்தால் வேலை உனக்குத்தானே? அதற்குத்தான் அடி போடுகிறாயோ என்று உன் முகத்தையே பார்த்தேன். நீ வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாய். சரியென்று தலையாட்டினேனே தவிர, நம்பித் தலையாட்டவில்லை.

மாஸ்டர் பார்த்தார். என் பெயர் போட்ட உன் கொடிக்கு, "கண்ணு நிக்கல." உன் பெயர் போட்ட என் மயிலுக்கு வந்தார். ஒரு கண்ணை மூடினார். "ஆங்! நிக்குது பாரு! பட்டணத்துக்குப் பொட்டி கட்டிக்கடா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"அது என்னுது இல்லீங்க சார். அவன் போட்டது. பேரை மாத்திக்கினோம்."

மாஸ்டர் அசரவில்லை. திரும்பவும் தூரப்போனார், திரும்பவும் கண்ணை மூடினார். "இப்ப பாத்தா நிக்கல" என்றார்.

வேலை வேறொருவனுக்குப் போயிற்று. "உன் வேலையோட என் வேலையையும் சேர்த்துக் கெடுத்துட்டியேடா" என்று ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நான் கத்தினேன். நீ சைக்கிளைப் பிடித்தபடி, "உன் மயிலு நல்லா கீது பாவா. நான் சொல்றேன்" என்றாய். சொன்னதோடு விடவில்லை. நூலே கிடைக்காத நாளில் உங்கள் தறியில் அந்த மயிலைக் கரையாக ஏற்றி ஒரு சேலையும் நெய்தாய். அதைப் பார்த்துத்தான் முதல் வியாபாரி என்னைத் தேடி வந்தான். கழனிக்குப் போகாமல் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை பேர் மெச்சினார்கள்! ஒருவரையும் நம்பவில்லை. நீ ஒருவன் சொன்னதை நம்பித்தான் தூரிகை பிடித்தேன். ஆனால் பாழும் மனசு அதையும் விடவில்லை. மயில் நன்றாயிருந்ததால் சொன்னாயா, அழப்போகிறவனைத் தேற்றச் சொன்னாயா? எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்திருக்கிறேன். பொய் சொல்வாய் என்று பயமில்லை. பதில் சொல்லுமுன் ஒரு நொடி யோசிப்பாயோ என்றுதான் பயந்தேன்.

இனி அந்தப் பயம் இல்லை. அந்தப் பயமே இருந்திருக்கலாம், நீயும் இருந்திருப்பாய்.